சஸ்காச்சுவான்: வேளை பார்த்துப் போக வேண்டிய புல்வெளி

டொரொன்டோவிலிருந்து காரில் மேற்கே போகிற நம்மவர்கள் பலருக்குச் சஸ்காச்சுவான் என்பது ஒரு நாள் ஓட்டம், அவ்வளவுதான். மனிடோபா எல்லையிலிருந்து ஆல்பர்ட்டா எல்லை வரை டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் சுமார் 650 கிலோமீட்டர். காலையில் ஒரு காபி, மதியம் ஒரு காபி, மாலையில் மாகாணம் முடிந்துவிடும். "பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் வயல்" என்று வந்து சொல்வார்கள். மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் வயல்தான் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன?

அந்த நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே ஒன்றரை மணி நேரம் இறங்கினால் பைசன் என்கிற காட்டெருமைக் கூட்டம் மேய்கிறது. வடக்கே போனால் ஏரிக்கரையில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. இன்னும் மேலே போனால் ஓநாயும் மூஸ் என்கிற பெரிய மானும் உலவுகிற காடு. ராக்கி மலைக்கு எந்நேரம் போனாலும் மலை அங்கேயே இருக்கும். இங்கே காலை 7 மணிக்கு இருந்தது 10 மணிக்கு இருக்காது. அதனால் பயணத் திட்டத்தை ஊர் ஊராகப் போடாமல் வேளை வேளையாகப் போடுங்கள் என்பேன். விடிந்ததும் எங்கே நிற்கப் போகிறோம், பொழுது சாயும்போது எங்கே நிற்கப் போகிறோம், இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்துகொண்டால் போதும். நடுவில் இருப்பது வண்டி ஓட்டவும் சாப்பிடவும் தூங்கவும்.

நானும் அண்ணனும் போனது செப்டம்பர் கடைசியில். அண்ணன் சாஸ்கட்டூனில் பல வருடமாக இருக்கிறவர், பறவை பார்ப்பதில் பித்து. செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தது அவர்தான், அதற்குக் காரணமும் வைத்திருந்தார். ஜூனில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், இருட்டுவதற்கு ராத்திரி ஒன்பதரை ஆகும். இரண்டு வேளையையும் பிடிக்க நினைத்தால் தூக்கம் போய்விடும். செப்டம்பர் கடைசியில் விடிவது ஏழு மணிவாக்கில், சாய்வது மாலை ஏழு மணிவாக்கில். கொசு ஓய்ந்திருக்கும், உண்ணித் தொல்லை கிட்டத்தட்ட இருக்காது, ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். இழப்பும் உண்டு. வளைக்குள் வாழும் ஆந்தைகள் தெற்கே கிளம்பியிருக்கும், பூக்கள் இருக்காது.

வசந்தத்தில்தான் போக முடியும் என்பவர்கள் மே கடைசியில் சாப்ளின் ஏரியை வைத்துக்கொள்ளுங்கள். மூஸ் ஜாவுக்கும் சுவிஃப்ட் கரன்ட்டுக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பது பனி இல்லை, சோடியம் சல்பேட். அந்த உப்புத் தண்ணீரில் பெருகும் குட்டி இறால்களைத் தின்பதற்காக, ஆர்க்டிக் போகிற கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஆனால் மே, ஜூனில் புல்லில் நடந்தால் ராத்திரி உடம்பு முழுக்க உண்ணி பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்வது அழகாக இருக்காது, பரவாயில்லை.

இனி ரோடு. இந்த மாகாணத்தின் விவசாயப் பகுதி முழுவதும் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி. வடக்கு-தெற்காக மைலுக்கு ஒன்றும், கிழக்கு-மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்றும் என்று பாதைக்கு அந்தக் காலத்திலேயே இடம் ஒதுக்கி அளந்துவிட்டார்கள். கிரிட் ரோடு என்பார்கள். பெரும்பாலும் சரளைக்கல். விலங்கு பார்க்க வந்தவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஊர்ந்து போகலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டி எதிரே வந்தால் அதிகம். எதிரே வருகிற பிக்கப் டிரக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அது வணக்கம். நீங்களும் ஒரு விரல் தூக்குங்கள்.

ஆனால் ரோட்டை விட்டு வயலுக்குள் கால் வைக்காதீர்கள். வேலி இல்லாமல் திறந்து கிடந்தாலும் அது ஒருவருடைய நிலம். 2022 ஜனவரி முதல், முன்கூட்டியே அனுமதி வாங்காமல் கிராமப்புறத் தனியார் நிலத்தில் நுழைவது இந்த மாகாணத்தில் குற்றம். அதற்கு முன்பு 'நுழையாதே' என்று பலகை வைக்கும் பொறுப்பு நிலக்காரர் தலையில் இருந்தது, இப்போது கேட்கும் பொறுப்பு நம் தலையில். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள் என்பது அண்ணனின் அனுபவம். எங்களுக்குக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. காரை விட்டு இறங்கினால்தான் விலங்கு ஓடும், காருக்குள் இருக்கிற வரைக்கும் நம்மை அது ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதிக்கு வாசல் வால் மேரி என்ற சின்ன ஊர். சுவிஃப்ட் கரன்ட்டிலிருந்து 4-ம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே. பெட்ரோல், தண்ணீர், இரண்டு நாளைக்கான சாப்பாடு எல்லாம் சுவிஃப்ட் கரன்ட்டிலேயே வாங்கிவிடுங்கள். வரைபடத்தையும் அங்கேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. பூங்காவுக்குள் நிழலுக்கு மரம் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு நடைபாதைக்கு 'இரண்டு மரங்கள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணில் படுவது பிரெய்ரி நாய். பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பம். கனடாவில் கருவால் பிரெய்ரி நாய்கள் இயற்கையாக வாழ்வது இந்தப் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டியும் மட்டும்தான். வளைக்கு மேலே மண்மேடு, மேட்டில் ஒன்று காவல். நாங்கள் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்ததும் கத்தல் எழுந்தது, எல்லாம் உள்ளே போய்விட்டன. சில நிமிடம் அசையாமல் இருந்தோம். ஒரு தலை, அப்புறம் இன்னொன்று. ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து, முன்கால்களை மேலே வீசி, முதுகு பின்னால் வளையும் அளவுக்கு எம்பி ஒரு கீச்சுக் குரல் கொடுத்தது. வேகம் தாங்காமல் மல்லாக்க விழப் பார்த்து, சமாளித்துக்கொண்டது. பக்கத்து மேட்டிலிருந்தும் அதே எம்பல், அதே குரல். ஊர் முழுக்க வரிசையாகப் போயிற்று. இதற்குத் தின்ன எதையும் போடாதீர்கள், கிட்டே போகாதீர்கள். பிளேக் நோயைச் சுமக்கும் தெள்ளுப்பூச்சி இவற்றில் இருக்கலாம், 2010-ல் இங்கேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். பிரெய்ரி நாயையே தின்று வாழும் கருங்கால் ஃபெரெட் என்ற கீரி மாதிரியான விலங்கை 2009-ல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அது நிலைக்கவில்லை. பஞ்சம், நோய் என்று இரை குறைந்தால் அதைத் தின்று வாழும் விலங்குதான் முதலில் போகும்.

பைசன் கதை நல்லபடியாக நடந்த கதை. நூற்றிருபது வருடம் இந்தப் புல்வெளியில் ஒன்றுகூட இல்லை. 2005 டிசம்பரில் ஆல்பர்ட்டாவின் எல்க் தீவுப் பூங்காவிலிருந்து 71 பைசன்களை லாரியில் கொண்டுவந்தார்கள். இப்போது நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. செப்டம்பரில் கூட்டத்தை விட்டு விலகிய கிழட்டுக் காளைகள் ரோட்டோரமாகத் தனியே நிற்கும். ஒன்று எங்கள் காரைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணாடியை இறக்கியபோது புல்லை அது பற்களால் பறிக்கும் சத்தம் கேட்டது, துணி கிழிகிற மாதிரி, சீராக. தோளில் வைக்கோலும் மண்ணும் சடைபிடித்திருந்தன. நூறு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. அது நம்மை நோக்கி வந்தால் காருக்குள்ளேயே இருந்து கடந்து போகும் வரை காத்திருப்பதுதான் வழி. காளை ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆனால் குதிரை வேகத்தில் ஓடும். வால் மேலே எழும்பி நின்றால் அது கோபத்திலோ கலவரத்திலோ இருக்கிறது என்று அர்த்தம், உடனே கிளம்பிவிடுங்கள்.

நான் அதிக நேரம் நின்றது பைசன் முன்னால் இல்லை, ஒரு கல்லின் முன்னால். பனியாறுகள் போட்டுவிட்டுப் போன பாறைகள் இங்கே அங்கொன்று இங்கொன்றாகக் கிடக்கும். மரம் இல்லாத நாட்டில் முதுகு சொறிய அந்தப் பாறைதான். தலைமுறை தலைமுறையாக உரசி உரசி அதன் விளிம்புகள் வழவழப்பாகிவிட்டன. கையை வைத்தால் கோயில் படி போல வழுக்குகிறது. பாறையைச் சுற்றி, குளம்பு மிதித்துப் பள்ளமான ஒரு வட்டம். பைசன் இல்லாமல் போன அத்தனை வருடமும் அந்த வழவழப்பு மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

பிராங்ஹார்ன் மானுக்கு இன்னொரு சங்கடம். வட அமெரிக்காவிலேயே அதைவிட வேகமாக ஓடும் விலங்கு தரையில் கிடையாது. ஆனால் வேலியைத் தாண்டத் தெரியாது. வேலி இல்லாத வெட்டவெளியிலேயே வளர்ந்த இனம், உயரே குதிக்கிற பழக்கமே வரவில்லை. சூரியன் எழுந்து கொஞ்ச நேரத்தில் ஐந்தாறு மான்கள் முள்வேலியை நோக்கி ஓடி வந்தன. கம்பி வந்ததும் முதல் மான் முன்னங்காலை மடக்கி, கழுத்தைத் தரையோடு நீட்டி, அடிக்கம்பிக்குக் கீழே நுழைந்தது. முதுகு கம்பியில் உரசிற்று. அந்தப் பக்கம் எழுந்து ஓர் உதறல், அப்புறம் ஓட்டம். அவை போன பிறகு பைனாகுலரில் பார்த்தால் முள்ளில் வெள்ளை ரோமம் கொத்தாகத் தொங்குகிறது. இதற்காகவே அடிக்கம்பியை முள் இல்லாததாக மாற்றி, சற்று உயர்த்திக் கட்டுகிற பண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள்.

நடக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கணுக்கால் மூடும் கனமான பூட்ஸ் கட்டாயம். ஒன்று, கிலுகிலுப்பைப் பாம்புக்காக. செப்டம்பரில் அவை குளிர்காலம் கழிக்கும் பொந்துகளுக்குத் திரும்புகிற நேரம், மாலையில் ரோட்டுச் சூட்டில் வந்து படுக்கும். ரோட்டில் குச்சி கிடந்தால் அது குச்சிதானா என்று பார்த்து ஓட்டுங்கள். இரண்டாவது, சப்பாத்திக்கள்ளி. ஆமாம், அதேதான், இங்கே புல்லுக்குள் தரையோடு படுத்துக் கிடக்கும். ஓட்டப் பயிற்சி ஷூவின் ஓரத்தை அதன் முள் சுலபமாகத் துளைத்துவிடும். போட்டோ எடுப்பவர்கள் காலை பத்தரைக்குப் பிறகு தூரத்து விலங்கைக் குறிவைத்துக் கஷ்டப்பட வேண்டாம். தரை சூடாகிக் காற்று நெளியும், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கித்தான் வரும். அந்த நேரத்தில் தூங்கிவிடுவது உத்தமம். ராத்திரிக்குத் தெம்பு வேண்டும். இந்தப் பூங்கா 2009 முதல் இருள்வானப் பாதுகாப்பிடம், நட்சத்திரம் பார்க்காமல் படுத்தால் வந்ததற்கு அர்த்தமில்லை.

நடுவில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. இங்கத்துக் களிமண்ணை கம்போ என்பார்கள். காய்ந்திருக்கும்போது தார் ரோடு மாதிரி இருக்கும். நனைந்தால் ஒரே நிமிடத்தில் சக்கரம் முழுக்க அப்பிக்கொள்ளும், நான்கு சக்கர இழுவை வண்டியும் அதில் பக்கவாட்டில்தான் போகும். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் மழை விட்டதும் கிளம்பலாமா என்று கேட்டோம். வானத்தைப் பார்க்காமல் எங்கள் காரைப் பார்த்தார். மழை விட்டால் போதாது, அரை நாள் காற்று அடிக்கட்டும், அதுவரை சரளை போட்ட ரோட்டை மட்டும் நம்புங்கள் என்றார். அப்படியே செய்தோம். திட்டத்தில் ஒரு நாளை மழைக்கென்று சும்மா விட்டு வையுங்கள்.

வடக்கே திரும்பும் வழியில் சாஸ்கட்டூனை ஒட்டி வானஸ்கேவின் இருக்கிறது. ஆறாயிரம் வருடத்துக்கும் மேலாகப் பழங்குடி மக்கள் கூடிய இடம். 2019-ல் கிராஸ்லாண்ட்ஸ் பூங்காவிலிருந்து ஆறு பைசன் கன்றுகளை அங்கே கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே, பைசன்கள் புரண்டு மண்ணைக் கிளறிய இடத்தில் பாறைச் செதுக்கல்கள் வெளிப்பட்டன. தொல்லியலாளர்கள் பல வருடம் தோண்டிய இடத்தில் மிச்சமிருந்ததைப் பைசன் குளம்பு எடுத்துக்கொடுத்திருக்கிறது.

எங்கள் பயணத்தில் இதற்குமேல் பாக்கி இருந்தது கொக்குதான். லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடமுனை 1887-லேயே பறவைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது, வட அமெரிக்காவின் முதல் பறவைகள் சரணாலயம். செப்டம்பரில் சாண்ட்ஹில் கொக்குகள் பல்லாயிரக்கணக்கில் இங்கே தங்கிப் போகும். பகலில் ஏரிக்குப் போய் கொக்கு எங்கே என்று தேடாதீர்கள். ராத்திரி அவை ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடி தூங்கும். விடியலில் கிளம்பி, அறுப்பு முடிந்த கோதுமை, பார்லி வயல்களில் சிந்திய தானியம் பொறுக்கும். பொழுது சாயும்போது திரும்பும். ஆகவே விடிவதற்கு முன் ஏரிக்கரை, காலை முழுக்கக் கிரிட் ரோடு, மாலையில் மறுபடி ஏரிக்கரை. அவை எழும்பும்போது முதலில் சத்தம்தான் வரும். தொண்டைக்குள் தண்ணீர் உருட்டுகிற மாதிரி ஒரு குரல், ஒரு மைல் தாண்டியும் கேட்கும். (போகிற வழியில் மைசூர் பருப்பு வயல்களையும் பார்க்கலாம். நம் சமையலறைக்கு வரும் மைசூர் பருப்பில் கணிசமான பங்கு இந்த மாகாணத்தில் விளைந்தது.)

அண்ணனுக்குக் கண் முழுவதும் ஹூப்பிங் கொக்கு மேல், உடம்பு தூய வெள்ளை, சிறகு நுனி மட்டும் கறுப்பு. 1941-ல் உலகத்திலேயே இரண்டு டஜனுக்கும் குறைவாகத்தான் இருந்தன. இப்போது வட கனடாவின் வுட் பஃபலோ பூங்காவில் கூடு கட்டி டெக்சாஸில் குளிர்காலம் கழிக்கும் கூட்டம் மட்டுமே ஐந்நூறைத் தாண்டிவிட்டது. போகிற வழியில் சஸ்காச்சுவான் வயல்களில் வாரக்கணக்கில் தங்கும். சாஸ்கட்டூனுக்கு வடக்கே மார்சலின், பிளெய்ன் லேக் பக்கம் தேடுவது வழக்கம்.

"அண்ணா, அதோ வெள்ளையா!"

"அது பனிவாத்து. குட்டையா இருக்கு பாரு. றெக்கையை எவ்ளோ வேகமா அடிக்குது!"

"இது?"

"அன்னம். றெக்கை நுனியில கறுப்பு இருக்கா?"

இல்லை. இப்படியே ஒரு காலை முழுதும் போயிற்று. வயலில் நூற்றுக்கணக்கில் வெள்ளையாக நின்று, ஒன்றுகூட அசையாவிட்டால் அது வேட்டைக்காரர் நட்டு வைத்த பொம்மை வாத்து. அதுவும் பார்த்தோம். செப்டம்பர் வாத்து வேட்டைக் காலம், சாண்ட்ஹில் கொக்கையும் இங்கே சட்டப்படி சுடலாம். பொம்மை தெரிந்தால் அந்தப் பக்கம் நிற்காமல் போய்விடுவதுதான் எல்லோருக்கும் மரியாதை.

ரோட்டில் நின்றிருந்த எங்களைப் பார்த்து ஒரு பிக்கப் நின்றது. வண்டி கெட்டுவிட்டதா என்று கேட்கத்தான். கொக்கு தேடுகிறோம் என்றதும் விவசாயி, இரண்டு மைல் மேற்கே தன் பார்லி வயலில் காலையில் மூன்று பார்த்ததாகச் சொன்னார். போனோம். சாம்பல் நிறச் சாண்ட்ஹில் கூட்டத்துக்கு நடுவில், அவற்றைவிடத் தலை உயரமாக இரண்டு தூய வெள்ளை, பக்கத்தில் செங்காவி படிந்த ஒரு குஞ்சு. தாயோ தகப்பனோ, ஒன்று மட்டும் எப்போதும் தலை தூக்கி நின்றது, மற்றது தின்றது. பெரியது ஒரு முறை சிறகை விரித்தபோது நுனியின் கறுப்பு தெரிந்தது. அண்ணன் ஒரு மணி நேரம் பேசவில்லை, இன்ஜினையும் போடவில்லை. இடத்தை யாரிடமும் துல்லியமாகச் சொல்லாதே என்று மட்டும் பிறகு சொன்னார். பத்துக் கார் வந்தால் அவை பறந்துவிடும், பறந்தால் டெக்சாஸ் வரைக்குமான கொழுப்பு அவ்வளவு குறையும்.

வடக்கே பிரின்ஸ் ஆல்பர்ட் தேசியப் பூங்காவுக்கும் போனோம். எல்க் என்கிற பெரிய மான்களில் ஆண்கள் ஊளையிட்டுச் சண்டை பிடிக்கும் பருவம், வாஸ்கெசியூ ஊருக்குள்ளேயே நடமாடும். அது தனியாக ஒரு பயணம் கேட்கிற இடம், ஒரு வாரத்தில் இரண்டையும் திணித்தால் பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும். முதல் தடவை போகிறவர் தெற்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓட்டுவதைக் கூடியவரை தவிருங்கள். மான் ஒன்று ரோட்டைக் கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும், அந்த இரண்டாவதில்தான் பலர் மோதுகிறார்கள். வாடகைக் கார் என்றால் சரளை ரோட்டில் ஓட்டலாமா, முன்கண்ணாடியில் கல் தெறித்தால் காப்பீடு கொடுக்குமா என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கம்போ மண்ணில் ஓட்டியிருந்தால் சுவிஃப்ட் கரன்ட்டில் நெடுஞ்சாலை ஏறும் முன் காசு போட்டுக் கழுவும் இடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் உள்பக்கத்தில் நன்றாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அங்கே மண் காய்ந்து ஒட்டியிருந்தால் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் நடுங்கும், வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்து மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.